ஐஞ்சு பற்றறி ரோச்சும் ஆகாயத்துக் கரண்டும்

போன மாரியில் ஒரு பின்னேரம். கிளிநொச்சிப் பக்கம் நாலு நாளாக வெயில் கண்ணில் படவில்லை. கரண்ட் போய் மூன்று மணித்தியாலம். முன்வீட்டு அண்ணை தன் கூரைச் சோலரை அண்ணாந்து பார்த்து ஏசிக்கொண்டு நின்றார். அவருடையது பற்றறி இல்லாமல் லைனோடு சேர்த்துவிட்ட வகை. லைன் போனால் அதுவும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஆபத்து. அது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் ஏச்சு ஏச்சுத்தான்.

“உந்த வானத்துக் கரண்ட் வந்தால் இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லைத் தம்பி. அமெரிக்காக்காரன் எப்பவோ அனுப்பிப் போட்டானாம்.”

திண்ணையில் குப்பி விளக்குக்குத் திரி இழுத்துக்கொண்டிருந்த மருமகள் தலை நிமிராமலே சொன்னார்: “வேண்டாம் மாமா. அது வந்தால் மேலால பறக்கிற குருவியெல்லாம் கருகி விழுமாம்.”

ஒரே வாசலில் இரண்டு கதை. விளக்கெரிக்கிற அளவுக்கு அனுப்பியாயிற்று என்பதும் பிழை, குருவி கருகும் என்பதும் பிழை. இரண்டையும் பிழையாக்குவது ஒரே காரணம்தான். அதை விளங்கிக்கொள்ள ஒரு ரோச் லைற் போதும். ரோச்சுக்குப் போக முன்னம் சங்கதி என்னவென்று பார்ப்போம்.

## சங்கதி இதுதான்

விண்வெளியில் மிகப் பெரிய சோலர் தகடுகளை விரிப்பது. அங்கேயே மின்சாரம் எடுப்பது. அதை நுண்ணலையாக மாற்றிப் பூமியை நோக்கி அனுப்புவது. இங்கே நிலத்தில் அதைப் பிடித்துத் திரும்ப மின்சாரமாக்கி லைனில் விடுவது. நுண்ணலை என்பது ரேடியோ அலையின் ஒரு வகை. கைபேசி, வைஃபை, டிஷ் ரீவி எல்லாம் ஓடுவது அதில்தான்.

எண்ணம் புதிதல்ல. பீற்றர் கிளேசர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1968இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை எழுதினார். 1973இல் காப்புரிமையும் எடுத்தார். அப்பலோ சந்திரனில் இறங்குவதற்கு முதல் வருசம் எழுதியது, இன்னும் எங்கள் வீட்டு பல்ப்புக்கு வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி.

## கம்பி இல்லாமல் கரண்ட் வருமா

தொண்ணூறுகளில் வன்னியில் லைன் கரண்ட் கிடையாது. பற்றறிக்கும் தடை. ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிள்தான் வழி. ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை எனக்கு. இரவுச் செய்திக்கு அயல் முழுக்க முற்றத்தில் கூடியிருக்கும். கை உளைந்து கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். உடனே நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும்.

அந்த டைனமோ தருவது 3 வாட் அளவு. நான் சுற்றிய மூன்று வாட்டும் எதற்குப் போனது? ரேடியோவுக்குள் வந்த சத்தத்தைப் பெருப்பிக்க. சத்தத்தைக் கொண்டுவந்த அலைக்கு என் உதவி தேவைப்படவில்லை. அது எங்கோ தூரத்துக் கோபுரத்திலிருந்து தன் சொந்தச் சக்தியோடு வந்து கம்பியில் இறங்கியது. அப்படியென்றால் கம்பி இல்லாமல் கரண்ட் எங்கள் முற்றத்துக்கு அப்போதே வந்துகொண்டுதான் இருந்தது. மிக மிகக் கொஞ்சமாக.

இதை நம்பாதவர்களுக்குக் கிறிஸ்டல் ரேடியோ இருக்கிறது. நீளக் கம்பி ஒன்று, கம்பிச் சுருள் ஒன்று, இருவாயி ஒன்று, காதுக்குள் வைத்துக் கேட்கும் குமிழ் ஒன்று. பற்றறியே இல்லை. பக்கத்தில் பலமான நிலையம் இருந்தால் மெல்லிய குரல் கேட்கும். இருவாயி என்பது டயோட்: மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னச் சாமான். அலை கம்பியில் இறங்கும்போது மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இருவாயி உள்ளே விடும். வாய்க்காலில் ஒருபக்கக் கதவு போட்ட மாதிரி. அலையடித்தாலும் தண்ணீர் ஒரே திசையில்தான் சேரும்.

விண்வெளி மின்சாரத்தைப் பிடிக்கும் கருவியும் இதேதான். அன்ரனாவும் இருவாயியும் சேர்ந்த சோடி. அதற்கு ரெக்ரெனா என்று பெயர். அப்படிக் கோடிகோடியாகச் சோடிகளை ஒரு வெளியில் வலை போலப் பரப்பினால், விழுகிற நுண்ணலை நேரோட்ட மின்சாரமாகத் திரண்டு வரும்.

செய்து காட்டியும் இருக்கிறார்கள். வில்லியம் பிரவுன் என்ற பொறியியலாளர் 1964இல் சின்ன ஹெலிகொப்ரர் ஒன்றை நுண்ணலை ஊட்டியே பறக்கவிட்டார். 1975இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைவனத்தில், கோல்ட்ஸ்ரோன் என்ற இடத்தில், 26 மீற்றர் டிஷ் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பினார்கள். வந்து விழுந்த அலையில் 80 வீதத்துக்கு மேல் மின்சாரமாயிற்று. மறுகரையில் விளக்குகள் எரிந்தன.

இவ்வளவும் சேர்த்தால்: கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்புவது மந்திரமும் இல்லை, இனிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் இல்லை. ரேடியோ செய்கிற அதே வேலை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

## இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்

வன்னி வெயிலுக்கு என்ன குறை என்று கேட்கலாம். கோடையில் ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் 1,000 வாட் அளவில் விழுகிறது. ஆனால் காலை, மாலை, இரவு, முகில், ஐப்பசி கார்த்திகை மழை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 5 யுனிற் அளவுதான் தேறும்.

காற்றுமண்டலத்துக்கு மேலே அதே ஒரு சதுர மீற்றரில் 1,361 வாட். முகில் இல்லை. சரியான உயரத்தில் நிறுத்தினால் இரவும் அநேகமாக இல்லை. ஒரு நாளைக்கு 32 யுனிற். இங்கே கிடைப்பதைப் போல ஆறு மடங்கு.

அந்தச் சரியான உயரம் 35,786 கிலோமீற்றர். அங்கே சுற்றும் செய்மதி பூமி ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். தேர் வீதி வரும்போது அதன் வேகத்துக்கே பக்கத்தில் நடக்கிறவருக்குச் சாமி எப்போதும் நேரே தெரியும் அல்லவா, அது மாதிரி. நிலத்தில் நிற்கிற எங்களுக்கு அந்தச் செய்மதி வானத்தில் ஒரே இடத்தில் அறைந்தது போல நிற்கும். இதைப் புவிநிலைச் செய்மதி என்பார்கள். தொடர்பாடலுக்கு இந்த உயரத்தைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிறகு இலங்கைக்கே வந்து குடியிருந்து, 2008இல் கொழும்பில் காலமானவர்.

இந்தச் செய்மதிகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்பவை. நாங்கள் அந்த ரேகைக்கு ஒன்பது பாகைதான் வடக்கு. அதனால்தான் வன்னியில் டிஷ் அன்ரனா மல்லாந்து படுத்து வானம் பார்க்கிறது, லண்டன் சொந்தக்காரர் அனுப்பும் படத்தில் சுவரோடு நிமிர்ந்து நிற்கிறது. மேலேயிருந்து நுண்ணலை விடுவதென்றால் எங்களுக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலையில் விழும். வட நாடுகளுக்குச் சரிந்து விழும். சரிந்து விழுந்தால் வட்டம் நீள்வட்டமாக இழுபட்டு, பிடிக்கிற வெளியும் பெரிதாக வேண்டும். அந்த வகையில் எங்கள் இடம் வாய்ப்பானது.

## கண்ணாடி பிடித்தால் போதாதா

இதை என்னிடம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. சோலர், நுண்ணலை, ரெக்ரெனா என்று மினக்கெடாமல், மேலே பெரிய கண்ணாடி ஒன்றை வைத்து வெயிலையே இங்கே திருப்பிவிட்டால் என்ன?

சின்னக் கண்ணாடித் துண்டால் வகுப்புச் சுவரில் வெயில் அடித்து விளையாடாதவர்கள் இருக்க மாட்டார்கள். கிட்ட உள்ள சுவரில் வெளிச்சம் கண்ணாடியின் வடிவத்திலேயே விழும். தூரத்து மதிலில் அடித்தால் வட்டமாக, பெரிதாக, மங்கலாக விழும். கண்ணாடி சதுரமாக இருந்தாலும் வட்டம்தான். காரணம், சூரியன் ஒரு புள்ளியல்ல. வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதன் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் வரும் கதிர் சற்றே வேறு கோணத்தில் திரும்பும். தூரம் கூடக்கூட அந்த வித்தியாசம் விரியும். 36,000 கிலோமீற்றரிலிருந்து திருப்பினால் நிலத்தில் விழும் வட்டம் 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு ஓரம் பருத்தித்துறையில் என்றால் மற்ற ஓரம் கொழும்பில். எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும் அதைச் சுருக்க முடியாது.

1993இல் ரஷ்யர்கள் 20 மீற்றர்க் கண்ணாடித் தாள் ஒன்றை மிகக் குறைந்த உயரத்தில் விரித்துப் பார்த்தார்கள். நிலத்தில் ஓடிய வெளிச்சப் பொட்டு 5 கிலோமீற்றர் அகலம். அதற்குள் நிலவொளி அளவு வெளிச்சம்தான்.

## ரோச்சின் கதை

வயல் காவலுக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. சட்டைப் பையில் செருகும் சின்ன ரோச்சைக் காவல் கொட்டிலுக்குள் அடித்தால் கூரையில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். அதையே வயலின் மறுகரைக்கு அடித்தால் பனங்கூடல் முழுக்க ஒரு மங்கல். யானை நிற்கிறதா, வைக்கோல் போரா என்று தெரியாது. பெரிய தலையுள்ள ஐஞ்சு பற்றறி ரோச் என்றால் யானையின் காது ஆடுவதும் தெரியும். அதன் பற்றறி கூட என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி அதன் தலை: தெறிக்கும் கிண்ணம் பெரிதானால் வெளிச்சம் குறைவாக விரியும்.

ரோச்சில் விரிவு வருவது பல்ப்பு ஒரு புள்ளியாக இல்லாததால். சூரியனின் சிக்கலும் அதேதான். நுண்ணலையை இதைவிட ஒழுங்காக, ஒரே தாளத்தில், ஒரே திசையில் புறப்பட வைக்கலாம். அப்படிச் செய்தாலும் அது விரியும். அலை என்றாலே அப்படித்தான். இரணைமடுக் குளத்து வான் கதவால் பாயும் தண்ணீர் கதவைத் தாண்டியதும் இரு பக்கமும் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அலையின் பரவலும் பார்வைக்கு அந்த மாதிரி. இதற்கு எங்கள் உயர்தரப் பௌதிகத்தில் ‘கோணல்’ என்று பெயர். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ‘விளிம்பு விளைவு’. பெயரில் என்ன, விதி ஒன்றுதான்: அலைநீளம் கூடினால் விரிவு கூடும், அனுப்பும் தட்டுப் பெரிதானால் விரிவு குறையும். அலைநீளம் என்பது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம்.

இப்போது கணக்கைப் போடுவோம். வழக்கமாகப் பேசப்படும் நுண்ணலைக்கு அலைநீளம் 12 சென்ரிமீற்றர், அரைச் சாணுக்குச் சற்றுக் கூட. இதை 36,000 கிலோமீற்றர் தூரத்திலிருந்து 10 மீற்றர்த் தட்டால் அனுப்பினால் நிலத்தில் வட்டம் 1,000 கிலோமீற்றர் அகலத்துக்கு விரியும். முழு இலங்கையும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் அதற்குள். 100 மீற்றர்த் தட்டென்றால் 100 கிலோமீற்றர். 1 கிலோமீற்றர் அகலத் தட்டு கட்டினால்தான் வட்டம் பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு வரும்.

ஒரு கிலோமீற்றர் அகலமான அன்ரனா, விண்வெளியில். அதுவும் அனுப்பும் தட்டு மட்டும். சோலர் தகடுகள் தனி. 1970களின் கடைசியில் நாசாவும் அமெரிக்கச் சக்தித் திணைக்களமும் போட்ட திட்டத்தில் சோலர்ப் பகுதி 10 கிலோமீற்றர் நீளம், 5 கிலோமீற்றர் அகலம்.

லேசர் விட்டால் என்ன? லேசரின் அலைநீளம் மிகமிகச் சிறிது என்றபடியால் வட்டமும் சிறிதாகும். ஆனால் முகில் வந்தால் மறிக்கும். மழைநாளுக்காக மேலே போய்விட்டு முகிலைக் கண்டு திரும்புவதென்றால் போனதே வீண். “மழை வந்தால் டிஷ் ரீவியும்தானே நிற்குது” என்பீர்கள். அதன் அலை இரண்டரைச் சென்ரிமீற்றர்தான், வரும் சமிக்ஞையும் நூலிழை போல மெல்லியது. பெருமழைத் துளிகள் அதைக் கலைத்துவிடும். 12 சென்ரிமீற்றர் அலை முகிலையும் மழையையும் பெரிதாகக் கவனியாது. அந்த அலையைத் தேர்ந்தது அதற்காகத்தான்.

ஒருக்கால் நின்று திரும்பிப் பார்த்தால்: மேலே வெயில் ஆறு மடங்கு. இறக்குவதற்குக் கண்ணாடி சரிவராது, லேசரை முகில் மறிக்கும், நுண்ணலை சரிவரும். நுண்ணலை விரியும். விரிவைக் கட்டுப்படுத்தத் தட்டு ஒரு கிலோமீற்றராக வேண்டும். இதில் சின்னதாகத் தொடங்க வழியில்லை. கூரைச் சோலர் எப்படி வந்தது? முதலில் ஒரு தகடு, ஒரு 12 வோல்ட் பற்றறி, ஒரு பல்ப். பிறகு இரண்டு தகடு. புவிநிலையிலிருந்து ஒரு வீட்டுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க விதி இடம் தராது.

## குளக்கட்டில் நின்று கல் போடுவது

ஒரு கிலோமீற்றர்த் தட்டை டிஷ் மாதிரி மோட்டர் வைத்துத் திருப்புவது எப்படி? திருப்புவதே இல்லை.

குளக்கட்டு ஓரத்தில் இருபது பெடியங்களை வரிசையாக நிறுத்துங்கள். ஆளுக்கொரு கல். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால், சின்னச் சின்ன வட்ட அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே நீட்டு அலையாக நேரே மறுகரைக்குப் போகும். இனி இடது பக்கத்துப் பெடியன் முதலில் போட, அடுத்தவன் கண்ணிமைக்கும் நேரம் பிந்திப் போட, அதற்கடுத்தவன் இன்னும் பிந்திப் போட்டால்? அலை வலப்பக்கம் சரிந்து போகும். ஒருவரும் இடம் மாறவில்லை. நேரத்தை மாற்றினார்கள், அலை திரும்பியது.

அந்தப் பெரிய தட்டு இலட்சக்கணக்கான சின்ன அனுப்பிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் பிந்தும் நேரத்தை மாற்றி நுண்ணலைக் கற்றையை எங்கேயும் திருப்பலாம். சரி, நேரம் சொல்வது யார்? நிலத்திலுள்ள ரெக்ரெனா வெளியின் நடுவிலிருந்து ஒரு வழிகாட்டிச் சமிக்ஞை மேலே போகும். ஒவ்வொரு அனுப்பியும் அதைக் கேட்டுத் தாளம் பிடிக்கும். அந்தச் சமிக்ஞை நின்றால் தாளம் குலையும். பெடியங்கள் கண்டபடி கல் எறிந்தால் குளத்தில் என்ன நடக்கும்? எல்லாப் பக்கமும் சிலுசிலுப்பு, நீட்டு அலை இல்லை. கற்றை அப்படியே கலைந்துவிடும். திசை தவறி ஊருக்குள் வந்து விழும் என்ற பயத்துக்கு இதுதான் பதில்.

## குருவி கருகுமா

வெதுப்பகத்தில் ரோல்ஸ் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹேர்ட்ஸ் என்ற இதே மீடிறனில்தான் ஓடுகிறது. மீடிறன் என்பது ஒரு வினாடியில் அலை எத்தனை முறை ஆடுகிறது என்ற கணக்கு. பயம் வந்தது அந்த ஒற்றுமையால்தான். ஆனால் அடுப்பு செய்வது என்ன? ஆயிரம் வாட் அளவை ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது. அலை சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, ரோல்சை விட்டால் போக இடமில்லாமல் நிற்கும்.

வானத்துக் கற்றை விரிந்துபோன கற்றை. நாசா திட்டத்தில் வட்டத்தின் நட்டநடுவில், மிகக் கூடிய இடத்தில், ஒரு சதுர மீற்றருக்கு 230 வாட். உச்சி வெயிலின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. வட்டத்தின் ஓரத்தில் 10 வாட். மறுகரை யானை ரோச் வெளிச்சத்தில் கருகுவதில்லை, திரும்பியும் பார்ப்பதில்லை. குருவியின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். நுண்ணலை தோலுக்குக் கீழே சற்று ஆழமாக இறங்குவதால் வெயிலோடு ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாது. பொதுமக்களுக்கு இந்த அலையில் சர்வதேச வழிகாட்டல் வைத்திருக்கும் எல்லை சதுர மீற்றருக்கு 10 வாட். வட்டத்தின் ஓரம் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. நடுப்பகுதி அதைப்போல 23 மடங்கு. ஆகவே வேலி வேண்டும், உள்ளே குடியிருக்கக் கூடாது. ரெக்ரெனா வலை அலையைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும், வெயிலையும் மழையையும் கீழே விடும் என்றபடியால் வலைக்குக் கீழே பயிர் செய்யலாம் என்றும் எழுதுகிறார்கள். நான் என்றால் முதல் போகத்துக்கு வேறு ஆளை விதைக்கச் சொல்வேன்.

இதை ஆயுதமாக்கலாமே என்பார்கள் சிலர். கற்றையைப் பத்துக் கிலோமீற்றரிலிருந்து நூறு மீற்றருக்குச் சுருக்க வேண்டுமென்றால் மேலே தட்டு நூறு கிலோமீற்றர் அகலமாக வேண்டும். அதைக் களவாகக் கட்ட முடியாது.

## அமெரிக்காக்காரன் அனுப்பினானா

அனுப்பினான். எவ்வளவு என்பதில்தான் கதை.

2023 ஜனவரியில் கலிபோர்னியாவின் கல்ரெக் பல்கலைக்கழகம் ஒரு சோதனைக் கருவியை விண்ணுக்கு அனுப்பியது. அதிலிருந்த மெல்லிய அனுப்பித் தட்டு, முப்பது சென்ரிமீற்றர் அளவு தூரத்திலிருந்த இரண்டு சின்ன எல்ஈடி விளக்குகளை நுண்ணலையாலேயே எரிய வைத்தது. இரண்டும் அதே விண்கலத்துக்குள். பிறகு அந்தக் கற்றையைப் பூமிப் பக்கம் திருப்பினார்கள். மே மாதத்தில் பசடீனாவில் தங்கள் கட்டடக் கூரையில் வைத்த கருவியில் அது வந்து சேர்ந்ததைப் பதிவு செய்தார்கள். வந்தது தெரிந்தது, அவ்வளவுதான். அதை வைத்து ஒரு பல்ப்பும் எரிக்கவில்லை. எரிக்கவும் முடியாது: சின்னத் தட்டு, நீண்ட தூரம், பெரிய விரிவு.

இதைக் குறைவாகச் சொல்லவில்லை. இரும்புச் சட்டம் போன்ற பாரமான அனுப்பிகளுக்குப் பதில் சுருட்டி விரிக்கக்கூடிய இலேசான தட்டு, குளக்கட்டு முறையில் கற்றையைத் திருப்புவது, விண்வெளிக் குளிரையும் சூட்டையும் தாங்குவது மூன்றும் அங்கே நிரூபணமாயின. ஆனால் அண்ணை கேள்விப்பட்ட “அனுப்பிப் போட்டான்” என்பதற்கும் இதற்கும் இடையில் நல்ல தூரம் இருக்கிறது.

## காணிக் கணக்கு

எனக்கு இந்த விசயத்தில் மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கிலத்தில் வரும் கட்டுரைகளில் ராக்கெட் விலைதான் முதலில் வரும். வன்னியில் இருக்கிறவனுக்கு முதல் கேள்வி காணி.

பத்துக் கிலோமீற்றர் வட்டம் என்றால் 78 சதுர கிலோமீற்றர், 19,000 ஏக்கருக்கு மேல். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கு ஏறக்குறைய ஈடான பரப்பு. கிளிநொச்சி நகரில் ஒரு ஓரத்தை வைத்தால் மற்ற ஓரம் பரந்தனையும் தாண்டும். காட்டுக்கென்றும் முகாமுக்கென்றும் எல்லைக்கல் நட்டதில் காணி போனவர்கள் இன்னும் கச்சேரிக்கு அலைகிற மண்ணில், இந்த அளவை வாயால் சொல்லவே துணிவு வேண்டும்.

அவ்வளவு நிலத்தில் இறங்குவது எவ்வளவு? அந்த நாசா திட்டத்தில் 5 கிகாவாட், அதாவது 500 கோடி வாட். இரவு பகலாக வந்தால் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யுனிற். சரி, அதே நிலத்தில் இடைவெளி விடாமல் சாதாரண சோலர் தகடு விரித்தால்? 5 யுனிற் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் தகட்டுக்கு ஒரு யுனிற் கிடைக்கும். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான் வித்தியாசம்! மேலே ஆறு மடங்கு வெயில், கிலோமீற்றர் அகலத் தட்டு, இத்தனை ராக்கெட் எல்லாம் போட்டும், நிலத்துக்கு வந்து சேர்வது விரிந்து மெலிந்து போய் அவ்வளவுதான். கற்றையைத் தடிப்பாக்கினால் கூட எடுக்கலாம். தடிப்பாக்கினால் குருவிக் கதை உண்மையாகத் தொடங்கும்.

ஆகவே இதன் பெறுமதி அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கார்த்திகை மழையிலும் நடுச்சாமத்திலும் வரும் யுனிற்றுக்கு வேறு விலை. நியாயமாகப் பார்த்தால் இதற்குப் போட்டி கூரைச் சோலர் அல்ல, கூரைச் சோலரோடு வைக்கும் பற்றறி. பற்றறி விலை கடந்த பத்துப் பதினைந்து வருசத்தில் இறங்கிய இறக்கம் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. 5 கிகாவாட் என்பது முழு இலங்கையும் உச்ச நேரத்தில் கேட்பதைவிடக் கூட. ஒரு நாட்டின் தேவை முழுவதும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அந்த இடத்துக்கு இருமல் வந்தாலும் நாடு இருளும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு முட்டியதால் நாடு முழுக்கக் கரண்ட் போனதென்று அமைச்சர் சொன்னது நினைவிருக்கும்.

## விலை

1970களின் திட்டத்தில் ஒரு செய்மதியின் எடை முப்பதாயிரம் தொன்னுக்கு மேல். இப்போது மேலே இருப்பவற்றில் மிகப் பெரிதான சர்வதேச விண்வெளி நிலையம் 420 தொன் அளவு. 1998இல் தொடங்கி அதைக் கட்டி முடிக்கவே பத்து வருசத்துக்கு மேல் எடுத்தது. அதைப்போல எழுபது கட்ட வேண்டும், அதுவும் தொண்ணூறு மடங்கு அளவு உயரத்தில்.

இப்போதைய வடிவமைப்புகள் இதைவிட நன்றாக இலேசு. ராக்கெட் செலவும் இறங்கியிருக்கிறது. இருந்தும் நாசா 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, நிலத்திலுள்ள சூரிய, காற்று மின்சாரத்தைவிட இது 12 முதல் 80 மடங்கு விலை வரும் என்று கணக்கிட்டது. ஏவும் செலவும் கட்டும் செலவும் ஒருசேர விழுந்தால் போட்டிக்கு வரலாம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகவரகம், யப்பான், சீனா எல்லாம் வேலையை விடவில்லை.

இதையெல்லாம் அண்ணையிடம் அன்று இரவு சொல்லி முடிக்கும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “சரி, எப்பவோ ஒரு நாள் வந்தால், அது நிக்காமல் வரும்தானே?”

பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரையும், ஓகஸ்ற் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடு வரையும், நடுச்சாமத்தை ஒட்டிப் பூமியின் நிழல் அந்தச் செய்மதிக்கு மேல் விழும் என்றேன். கூடினால் 72 நிமிசம். அந்த நேரம் அதற்கும் வெயில் இல்லை.

அண்ணை திண்ணைப் பக்கம் திரும்பினார். “பிள்ளை, கேட்டியே? அங்கையும் கரண்ட் கட்டாம். அந்தக் குப்பி விளக்கை எறிஞ்சு போடாதை.”